இடமிருந்து வலமாக

கோட்டைக் கந்தோரைக் காலி செய்கிறோம்.
கணக்குப் பிரிவில் மிஞ்சியவள் நான் ஒருத்தி என்பதால்
சுவர்ப் படங்களை ஸ்கேன் பண்ணும் வேலை எனக்கு.
வருஷத்துக்கொன்று, நாற்பத்திரண்டு படங்கள்.
கண்ணாடிக்குப் பின்னால் பல்லி முட்டை ஓடுகள்.

முகங்களைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.
மூச்சை அடக்கிய முகம் யாருக்கும் ஒன்றுதான்.
நான் கால்களில் தொடங்கினேன்.

1936.
முன்வரிசையில் பதினொரு சோடிச் சப்பாத்து.
நிலத்தில், ஓரமாக, பியோன் பொடியன் துவான் சால்தீன்.
வெறும் பாதம். அசையாமல் இருந்ததால்
படத்திலேயே அதுதான் அவ்வளவு துல்லியம்.
இத்தனை மீசைக்குள் ஒரு பெண் இல்லை.
இல்லை என்று எழுதி வைத்த பிறகுதான் கண்டேன்,
மேல்மாடி யன்னலில் ஒரு தும்புத்தடி.
பிடித்திருக்கும் கை
சட்டகத்துக்கு வெளியே.

1941இல் மிஸ் டொரீன் ஹெர்ஃப்ட், டைப்பிஸ்ட்.
நடுக்கதிரை கொடுத்திருக்கிறார்கள், துரைக்குப் பக்கத்தில்.
மற்றவர்கள் தோளோடு தோள் நெருக்கியடிக்க
அவளுக்கு மட்டும் இரண்டு பக்கமும்
ஒவ்வொரு சாண் வெளி.
மரியாதையின் அளவு அது.
அடுத்தடுத்த வருஷங்களிலும் பென்சில் வைத்து அளந்தேன்.
மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

1949. அதே கதிரை, அதே வெளி, வேறு பெண்.
செல்வி யோகாம்பிகை.
கொழும்பு வெக்கையில் கழுத்தை மூடிய சட்டை,
மடியில் ஒரு கைப்பை.
அடுத்த வருஷம்
கைப்பை பெரிதாகி, உயரத்தில் இருக்கிறது.
அதற்கடுத்த வருஷம் அவள் இல்லை.

லாச்சியில் கிடைத்தது துருவேறிய கிளிப்பில் ஒரு சுற்றறிக்கை:
கலியாணம் கட்டும் பெண்கள்
அந்த மாதக் கடைசியில் விலக வேண்டும்.

அந்தச் சட்டைக்குள்ளே தாலி இருந்ததா,
வெறும் கூச்சம்தானா?
நான் பிழையாகவும் வாசிக்கலாம்.
ஆனால் அந்தக் கைப்பையைப் பிடித்த விரல்கள்
கைப்பையைப் பிடித்த விரல்கள் இல்லை.

அறுபதுகளில் விதி தளர்ந்தது. பெண்கள் கூடினார்கள்,
பெயர்கள் குறைந்தன:
திருமதி செனவிரத்ன, திருமதி கதிர்காமு, திருமதி மரிக்கார்.
லெட்ஜர்களில் இந்த மணியான எழுத்து யாருடையது என்று
செத்துப்போன புருஷன்மாரைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு களுசான்கள் அகலமாகி
ஆண்களின் மயிர் காதுக்குக் கீழே இறங்கிய காலத்தில்
சுமனா விதானகே எழும்பிவிட்டாள்.
1974. பின்வரிசை, வாங்கின் மேலே,
இரண்டு கிளார்க்குமாருக்கு நடுவில்.
தோளுக்கும் தோளுக்கும் இடையில் பென்சில் நுழையாது.
அவள் விட்ட கதிரையில்
ஓய்வு பெறப்போகும் துவான் சால்தீன்.
புதுச் சப்பாத்து. இரண்டையும்
கதிரைக்கடியில் இழுத்து ஒளித்துக்கொண்டு.

ஐம்பத்தெட்டுக்கு ஆணி மட்டும்.
எண்பத்துமூன்றுக்கும் ஆணி மட்டும்.
எண்பத்துநாலு இருக்கிறது:
கதிர்காமு எழுத்து கதிர்காமுவோடு போய்விட்டது.
முன்வரிசையில் யாரும் நெருங்கி உட்காரவில்லை.
அந்த வெளியை நான் அளக்கவில்லை.

நேற்று எங்களுக்கும் ஒரு கடைசிப் படம்.
ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள்.
மனேசர் நிரோஷா பழக்கதோஷத்தில்
ஆண்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டாள்.
அவர்கள் வெட்கப்பட்டு நிலத்தில் இருந்தார்கள்.
கூட்டித் துடைக்கும் ஹாஜராவையும் கூப்பிட்டோம்.
“நான் கம்பனி ஆள் இல்லியே மிஸ், கொந்தராத்து.
போனத் தாங்க, நான் புடிக்கிறன்.”

தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு,
எங்கள் எல்லோரையும் ஒரு கண்ணால் பார்த்து,
“என்ன இது, சண்டை புடிச்ச ஆக்கள் மாதிரி,
கிட்டக் கிட்ட வாங்க” என்று அதட்டினாள்.
நெருங்கினோம்.

படத்தின் இடப்பக்க மூலையில்
அவளுடைய பெருவிரல், மங்கலாக, செம்மண் நிறத்தில்.
அதை வெட்டிவிட்டு அனுப்பச் சொல்லித் தலைமைக் கந்தோர்
இரண்டுதரம் எழுதிவிட்டது.

பெயர்ப்பட்டியல் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.
இடமிருந்து வலமாக:
ஹாஜரா,